சாவி கொடுப்பதற்கு முன்

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி வாக்கில் விமான நிலையத்திலிருந்து வேன் வந்து நிற்கும். பெட்டி, தொப்பி, குழந்தை குட்டி என்று எட்டுப் பேர் இறங்குவார்கள். மற்றவர்கள் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மலைத்து நிற்கையில், ஒருவர் மட்டும் பிளாஸ்டிக் உறை ஒன்றைப் பிடித்தபடி என் மேசையைத் தேடி வருவார். அந்த வாரத்துக்கு அவர்தான் ஸ்கிப்பர். உறைக்குள் சான்றிதழ் இருக்கும். அதையும் ஆளையும் பார்த்துவிட்டு, நாற்பத்திரண்டு அடிப் பாய்மரப் படகின் சாவியைக் கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு சொல்வது என் வேலை.

நான் உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்துக்காரன். வேலை பார்ப்பது இந்தியப் பெருங்கடலில், சீஷெல்ஸ் நாட்டு மாஹே தீவில். 1770இல் அந்தத் தீவுகளில் முதன்முதலாகக் குடியேற வந்த இருபத்தெட்டுப் பேரில் ஐந்து பேர் இந்தியர்கள். இன்றைக்கு விக்டோரியா நகரில் பிள்ளை, நாயுடு என்ற பெயர்ப்பலகைகளைப் பார்க்கலாம். 1992இல் எழுந்த நவசக்தி விநாயகர் கோயிலில் வெள்ளிக்கிழமை சுண்டல் கிடைக்கும். அதனால் ஊர் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. கடல்தான் புதிதாக இருந்தது.

வாடகைப் படகில் இரண்டு வகை உண்டு. ஸ்கிப்பரோடு வருவது ஒன்று. படகை மட்டும் கொடுத்து, ஓட்டுவது உங்கள் பொறுப்பு என்று விடுவது இன்னொன்று. அதைத்தான் பேர்போட் என்கிறோம். கார் வாடகைக்கு எடுப்பது மாதிரிதானே என்று ஊரில் கேட்பார்கள். காரை நிறுத்தினால் நிறுத்தின இடத்தில் நிற்கும். படகு நிற்காது. ராத்திரி எல்லோரும் தூங்கும்போதும் காற்றும் நீரோட்டமும் அதை இழுத்துக்கொண்டே இருக்கும். சில கோடி ரூபாய்ப் பொருளையும் எட்டு உயிரையும் அந்த இழுப்புக்கு நடுவில் விட்டுவிட்டுத்தான் நாங்கள் கரையில் கையசைக்கிறோம்.

இப்போதெல்லாம் லீவில் வரும்போது உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்கூட இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் பிள்ளைகள், ஐரோப்பா போய் வந்தவர்கள், “அண்ணே, நாலு குடும்பம் சேர்ந்து குரோஷியாவுல படகு எடுக்கலாம்னு இருக்கோம். என்ன லைசென்ஸ் வேணும்?” என்கிறார்கள். எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒரு லைசென்ஸ் கிடையாது என்பதைத்தான் முதலில் சொல்வேன்.

குரோஷியா கண்டிப்பான நாடு. அவர்கள் அரசு ஏற்றுக்கொண்ட பட்டியலில் உங்கள் சான்றிதழ் இருக்க வேண்டும், வி.எச்.எஃப். ரேடியோ பேசுவதற்கான சான்றிதழும் தனியாக வேண்டும். கிரீஸில் ஸ்கிப்பரின் சான்றிதழோடு விடமாட்டார்கள். கூட வருபவர்களில் இன்னொருவருக்கும் படகு வேலை தெரியும் என்று எழுத்தில் கேட்பார்கள். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் லைசென்ஸ் என்ற பேச்சே இல்லை. இதுவரை எங்கே, எந்த அளவுப் படகை, எத்தனை நாள் ஓட்டினீர்கள் என்று எழுதித் தரச் சொல்வார்கள். செயிலிங் ரெஸ்யூமே என்று அதற்குப் பெயர். அதில் திருப்தி வராவிட்டால் ஒரு ஸ்கிப்பரைச் சம்பளத்துக்கு ஏற்றி அனுப்புவார்கள்.

ஐரோப்பாவில் பெரும்பாலும் செல்லுபடியாகும் அட்டை ஐ.சி.சி. என்பது. ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 40ஆம் எண் தீர்மானப்படி கொடுக்கப்படுவது. அந்த ஆணையத்தில் சேராத நம்மைப் போன்ற நாட்டவரும் வாங்க அந்தத் தீர்மானத்திலேயே இடம் இருக்கிறது. இங்கிலாந்தில் அதை ஆர்.ஒய்.ஏ. என்ற ராயல் யாட்டிங் அசோசியேஷன் கொடுக்கிறது. 1875இல் தொடங்கிய சங்கம். அவர்கள் படிப்பில் டே ஸ்கிப்பர் என்ற படிதான் பேர்போட் எடுக்க நினைப்பவருக்கு வாசல்படி. ஐந்து நாள் படகிலேயே தங்கிப் படிப்பது. அதில் சேரும் முன்பே ஐந்து நாள் படகில் இருந்திருக்க வேண்டும், நூறு கடல் மைல் போயிருக்க வேண்டும், நாலு மணி நேரமாவது ராத்திரியில் ஓடியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். அமெரிக்கர்கள் ஏ.எஸ்.ஏ. சான்றிதழ் கொண்டுவருவார்கள். 101, 103, 104 என்று எண் போட்டு வரும். இரட்டை உடல் படகுக்கு 114.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. இந்தப் படிப்புகளிலெல்லாம் சான்றிதழுக்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. லாக் புக். எந்தத் தேதி, எங்கிருந்து எங்கே, எத்தனை மைல், ராத்திரி எத்தனை மணி நேரம், காற்று எப்படி, உன் வேலை என்ன, கூட இருந்த ஸ்கிப்பர் கையெழுத்து. சான்றிதழ் அந்த நோட்டின் மேல்தான் நிற்கிறது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு பெண்மணி எனக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

அப்பா ஏரி மதகு திறக்கிறவர். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் போகும்போது வாழைமரத் தெப்பத்தில் ஏறிய பழக்கத்தைத் தவிர எனக்குத் தண்ணீரோடு உறவு கிடையாது. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தேன். காசிமேட்டில் ஆறு வருஷம் விசைப்படகு எஞ்சின் வேலை பார்த்தேன். லேலண்ட் எஞ்சினைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்துப் பூட்டுவேன். அந்தக் கைத்தொழிலை நம்பித்தான் சீஷெல்ஸில் கூப்பிட்டார்கள். அங்கே யான்மார் எஞ்சின். மூன்று வருஷம் எஞ்சின் அறைக்குள்ளேயே குனிந்து கிடந்தேன். பாய் என்ன செய்கிறது என்று நிமிர்ந்து பார்த்ததில்லை.

அப்புறம் கேப் டவுனில் கட்டிய புதுப் படகு ஒன்றை மாஹேக்குக் கொண்டுவர ஆள் வேண்டும் என்றார்கள். எஞ்சினுக்கு நான். ஸ்கிப்பர் தென்னாப்பிரிக்காக்காரப் பெண்மணி, அறுபதை நெருங்கியவர். அந்தக் கரையை ஒட்டி அகுல்ஹாஸ் என்ற நீரோட்டம் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடுகிறது. சில இடங்களில் மணிக்கு ஐந்து கடல் மைல் வேகம். அதற்கு எதிராகத் தென்மேற்குக் காற்று பலமாக அடித்தால் அலை சுவர் மாதிரி எழும்பும். பெரிய கப்பல்களே உடைந்திருக்கின்றன. ஈஸ்ட் லண்டன் துறைமுகத்துக்கு வந்ததும் அந்த அம்மா படகைக் கட்டச் சொல்லிவிட்டார். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. வடகிழக்குக் காற்று மெதுவாக வீசியது. எதற்காக நிற்கிறோம் என்று எனக்குப் புரியவில்லை. அவர் பாரோமீட்டரைக் காட்டினார். முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் முள் இறங்குவது நின்றது. அரை மணி நேரத்தில் காற்று தென்மேற்குக்குத் திரும்பி, அலைதடுப்புச் சுவரின் மேல் நுரை ஏறி விழுந்தது.

ஐந்து நாள் அங்கே இருந்தோம். கிளம்புகிற அன்று காலையில் அவர் ஒரு நீல நோட்டை என்னிடம் கொடுத்து, “உன் பெயரில் எழுது” என்றார். என்ன எழுதுவது, நாம் எங்கேயும் போகவில்லையே என்றேன். “ஐந்து நாள், பூஜ்யம் மைல், காரணம் இன்னது என்று எழுது. இதுதான் உன் முதல் பக்கம்.” எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பயணம் முடிந்தபோது என் நோட்டில் மூவாயிரம் மைலை ஒட்டி வந்துவிட்டது. ஆர்.ஒய்.ஏ.வின் யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர் தேர்வுக்கு உட்கார இரண்டாயிரத்து ஐந்நூறு மைலும் ஐம்பது நாளும் வேண்டும். அதில் ஐந்து நாள் நாமே ஸ்கிப்பராக இருந்திருக்க வேண்டும்; அறுபது மைலுக்கு மேற்பட்ட பயணம் குறைந்தது ஐந்து வேண்டும், அவற்றில் இரண்டு ராத்திரி முழுக்க ஓடியது, இரண்டு நாமே நடத்தியது. மீதி நாட்களைச் சேர்க்க எனக்கு இன்னும் நாலு வருஷம் ஆயிற்று. கேப் டவுனில் தேர்வு. சொல்லிக்கொடுத்தவர் தேர்வு வைக்கக் கூடாது, வெளியாள்தான் வர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வந்தவர் என் நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து, அந்தப் பூஜ்யத்தின் மேல் விரலை வைத்து, பாரோமீட்டரைப் பற்றி மட்டும் இருபது நிமிஷம் கேட்டார்.

இனி மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தது.

ஒரு தடவை சென்னைக் குடும்பம் ஒன்று வந்தது. பெரியவர் வணிகக் கப்பலில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். மாஸ்டர் சான்றிதழை எடுத்து வைத்தார். எனக்கு எழுந்து நிற்கத் தோன்றியது. அவ்வளவு பெரிய படிப்பு அது.

“தம்பி, முப்பது வருஷம் கடல்ல இருந்தவன் நான். இது போதாதா?”

“கேப்டன் சார், கடலைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதுல கால்வாசிகூட எனக்குத் தெரியாது. ஆனா இந்தப் படகை நீங்க ஓட்டினதில்ல. முதல் ரெண்டு நாள் நான் கூட வர்றேன், சம்மதமா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “சரி, வா. எனக்கு எதெல்லாம் தெரியாதுன்னு பாத்துருவோம்” என்றார்.

அன்றைக்குத் தென்கிழக்குக் காற்று. மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை அங்கே அந்தக் காற்றுதான். வரைபடம், வானிலை, எதிரே வரும் கலத்துக்கு யார் வழி விட வேண்டும் என்பதிலெல்லாம் அவரிடமிருந்து நான்தான் கற்றுக்கொண்டேன். பாயில் மட்டும் ஒரு சிக்கல் வந்தது. ஒற்றை உடல் பாய்ப்படகு காற்று அதிகமானால் சாயும். சாய்வதே எச்சரிக்கை. தேநீர்க் கோப்பை உருளும், மனைவி சத்தம் போடுவார், நாம் பாயைச் சுருக்குவோம். அவர் எடுத்த இரட்டை உடல் படகு சாயாது. காற்று பதினைந்திலிருந்து இருபத்தைந்து நாட்டுக்கு, அதாவது மணிக்கு அத்தனை கடல் மைலுக்கு, ஏறும். மேசைமேல் தண்ணீர் தளும்பாது. பாரம் முழுவதையும் பாய்மரமும் கம்பிகளும் வாங்கிக்கொண்டிருக்கும். கம்பி எப்போது அறுபடும் என்று சொல்ல முடியாது. கேப்டன் கேட்ட ஒரே கேள்வி, “அப்ப உடம்பு சொல்றதை நம்பக் கூடாது, மீட்டரைப் பார்த்துத்தான் சுருக்கணும், அப்படித்தானே?” அதுதான். பதினெட்டு நாட்டில் முதல் சுருக்கு, மறுபேச்சு இல்லாமல். இரண்டாம் நாள் மத்தியானம் லா டிக் தீவில் என்னை இறக்கிவிட்டுத் தானே ஓட்டிக்கொண்டு போனார்.

இரட்டை உடல் படகின் கேட்டமரன் என்ற பெயர் நம்முடைய கட்டுமரத்திலிருந்து வந்தது என்று வருகிறவர்கள் ஆசையோடு சொல்வார்கள். பெயர் நம்முடையதுதான். ஆனால் மரங்களைச் சேர்த்துக் கட்டிய நம் கட்டுமரத்துக்கு இரட்டை உடல் கிடையாது. அந்த அமைப்பு பசிபிக் தீவுக்காரர்களுடையது. காசிமேட்டில் வேலை பார்த்தவன் என்பதால் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது.

நல்ல அனுபவம் உள்ளவர்களும் ஓர் இடத்தில் சறுக்குவார்கள். அமெரிக்காவில் துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு மிதவை வலது பக்கம் இருக்க வேண்டும். இந்தியா, ஐரோப்பா, சீஷெல்ஸ் எல்லாம் வேறு மண்டலம். இங்கே சிவப்பு இடது பக்கம். இருபது வருஷமாக ஒரே கடலில் ஓட்டியவருக்கு வலது பக்கச் சிவப்பு கண்ணில் பதிந்துபோயிருக்கும். அவசரத்தில் கை பழைய பக்கமே திரும்பும். அதனால் அமெரிக்கர் யாராக இருந்தாலும் விக்டோரியா கால்வாயை ஒரு தடவை என்னோடு உள்ளே வந்து காட்டச் சொல்வேன். நல்ல மாலுமிகள் இதற்குக் கோபித்துக்கொண்டதே இல்லை.

இனிச் சொல்லப்போவதைச் சொல்ல எனக்குப் பல வருஷம் பிடித்தது.

ஒரு ஜனவரி மாதம். அன்றைக்கு ஐந்து படகு கிளம்ப வேண்டும். மூன்றாவதாக வந்தவரிடம் ஒழுங்கான சான்றிதழ் இருந்தது; ஆனால் பன்னிரண்டு வருஷப் பழசு. கூடவே ரெஸ்யூமே. மூவாயிரம் மைல் என்று கூட்டுத்தொகை போட்டிருந்தது. பயணம் ஒவ்வொன்றிலும் காற்று பதினைந்து நாட். ஓரிடத்தில்கூடத் தங்கிப்போன நாள் இல்லை. தப்பாகப் போனது ஒன்றும் இல்லை. யாருடைய கையெழுத்தும் இல்லை. பத்து வருஷக் கதை ஒரே பேனாவில், ஒரே நாளில் எழுதினது போல் இருந்தது. என் கண்ணில் அது பட்டது. ஸ்கிப்பர் ஒருவரை ஏற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். தேவையில்லை என்றார். பின்னால் இரண்டு குடும்பம் வெயிலில் நின்றிருந்தது. படிவத்தில் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

ஜனவரியில் காற்று வடமேற்கு. பிரலின் தீவின் ஆன்ஸ் லாசியோ என்ற கடற்கரை, படத்தில் பார்த்தவர்கள் எல்லோரும் போக ஆசைப்படும் இடம், வடமேற்கைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. மற்ற மாதங்களில் குளம் மாதிரி இருக்கும். அந்த மாதத்தில் அலை நேராக உள்ளே வரும். அங்கே ராத்திரி தங்க வேண்டாம் என்று வரைபடத்தில் பேனாவால் சுழித்துக் கொடுத்திருந்தேன். அவர் தங்கினார். ஆறு மீட்டர் ஆழத்தில் பதினைந்து மீட்டர் சங்கிலி விட்டு நங்கூரம் போட்டிருக்கிறார்.

நங்கூரம் தன் எடையால் படகைப் பிடிப்பதில்லை. அதன் கொக்கி மணலுக்குள் புதைய வேண்டும். புதைய வேண்டுமானால் இழுப்பு கிடைமட்டமாக இருக்க வேண்டும். அதற்குச் சங்கிலி நீளமாகக் கிடக்க வேண்டும். ஆழத்தோடு படகு முனையின் உயரத்தையும் கூட்டி, அதைப் போல் ஐந்து மடங்கு விடுங்கள் என்று நான் சொல்வேன். ஆறு மீட்டருக்கு அது முப்பத்தைந்து, நாற்பது ஆகும். விட்டபின் எஞ்சினைப் பின்னோக்கி மெதுவாக ஓட்டி, அரை நிமிஷம் அப்படியே வைத்திருக்க வேண்டும். சங்கிலிமேல் உள்ளங்காலை வைத்தால் தெரியும். நங்கூரம் உழுதுகொண்டு வந்தால் சங்கிலி உறுமும், துள்ளித் துள்ளி வரும். கொக்கி மாட்டிவிட்டால் விண்ணென்று நின்றுவிடும். அப்புறம் கரையில் ஒரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு பாறையையும் நேர்கோட்டில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். மரமும் பாறையும் விலகினால் படகு நகர்கிறது. கடைசியாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு தண்ணீரில் குதித்து, நீந்திப் போய் நங்கூரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். இது முழுவதும் இருபது நிமிஷ வேலை. இதைச் செய்கிறவரை நான் சான்றிதழ் கேட்காமலேயே அனுப்புவேன் என்று சொல்லத் தோன்றும், அவ்வளவு பெரிய விஷயம் அது.

ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் படகு நங்கூரத்தை இழுத்துக்கொண்டு பின்னால் போய்ப் பாறையில் அடித்தது. சுக்கான் இரண்டும் போயிற்று. ஒன்பது வயதுப் பையன் படுக்கையிலிருந்து விழுந்து கை முறிந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. விடியற்காலையில் வேகப்படகில் போய் அவர்களை ஏற்றினேன். பையன் என்னைப் பார்த்து, எங்கள் படகை எடுத்துக்கொண்டு போய்விடுவீர்களா என்று கேட்டான். நான் கையெழுத்துப் போட்ட தாள் அலுவலகக் கோப்பில் இருந்தது. நீ என்ன பார்த்துவிட்டுப் போட்டாய் என்று விசாரித்தார்கள். சான்றிதழ் பார்த்தேன் என்றேன். அது உண்மை. கண்ணில் பட்ட மற்றதைச் சொல்லாமல் விட்டதும் உண்மை.

அந்த வருஷம் லீவில் வந்தபோது, ஒரு வெயில் நேரத்தில் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தில் போய் உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அங்கே இருக்கும் கல்வெட்டு புதிதில்லை. பள்ளிக்கூடத்தில் குடவோலை பற்றிக் கேள்வி வராத பரீட்சை இல்லை. பராந்தக சோழன் காலத்தது. 919இல் ஒன்று, 921இல் திருத்தி எழுதியது ஒன்று. ஊர் வாரியங்களில் உட்கார யாருக்குத் தகுதி என்று வரிசையாக வெட்டியிருக்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள், வேதப் படிப்பு. குடும்பு என்ற முப்பது ஊர்ப்பகுதியிலிருந்தும் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, சின்னப் பையன் ஒருவனை விட்டு எடுக்கச் சொல்வது. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். எங்கள் ஏரிக்கு அன்றைக்குப் பெயர் வைரமேக தடாகம்.

நிலமும் வேதமும் இல்லாத என் பாட்டன்மார் பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. பெண்கள் பெயர் எதுவும் போயிருக்காது. மண் அள்ளிக் கரை போட்டவர்கள் வேறு, வாரியத்தில் உட்கார்ந்தவர்கள் வேறு. அதை விட்டுவிட்டு அந்தக் கல்வெட்டைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தகுதிகளுக்குப் பிறகு யார் யார் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. அந்தப் பட்டியலில் முதலில் வருகிறவன், முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன். அவன் மட்டுமில்லை, அவன் உறவுக்காரரும் கூடாது. திருடனையும் மற்றவர்களையும் அப்புறம்தான் சொல்கிறது.

நிலம் எவ்வளவு, படிப்பு என்ன என்பது ஓலையைக் குடத்துக்குள் போடுவதற்கு. ஏரியை அவனிடம் மறுபடி விடலாமா என்பதற்குக் கணக்கு. என் மேசையில் நான் முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவதை விட்டிருந்தேன்.

திரும்பிப் போனபிறகு என் கேள்விகள் மாறின. சான்றிதழைப் பார்ப்பேன், எண்ணைக் குறித்துக்கொள்வேன், அதற்கு இரண்டு நிமிஷம். கடைசியாக எப்போது படகில் இருந்தீர்கள்? யாரோடு? எந்த நாள் கிளம்பாமல் இருந்தீர்கள், ஏன்? ஏதாவது தப்பாகப் போன நாளைச் சொல்லுங்கள். நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் இதற்கு உடனே வாய் திறப்பார்கள். கயிறு புரொப்பெல்லரில் சுற்றியது, படகுத்துறையில் இடித்தது, மணலில் ஏறி ஆறு மணி நேரம் ஓதம் ஏறுவதற்குக் காத்திருந்தது என்று தேதியோடு வரும். தப்பே நடந்ததில்லை என்கிறவரோடு நான் படகில் ஏறுவேன். முகத்தைச் சுளித்தாலும் ஏறுவேன். சூரியன் உச்சியில் இருக்கும்போதுதான் பவளப்பாறை தண்ணீருக்கடியில் பழுப்பாகத் தெரியும். சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் அங்கே திடீரென்று இருட்டிவிடும். அந்த இடைவெளிக்குள் ஒரு தடவை நங்கூரம் போட்டுக் காட்டச் சொல்வேன்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. காசிமேட்டில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அண்ணன் நாற்பது வருஷம் கடலில் இருந்தவர். வாடைக்காற்று மாறப்போவதை முதல் நாளே சொல்லிவிடுவார். அவர் என் மேசைக்கு வந்தால் என்னால் சாவி கொடுக்க முடியாது. தாள் கிடையாது, எழுதி வைத்ததும் கிடையாது. ஐந்து நாள் படிப்புக்கு ஆகும் செலவு அவருடைய பல மாத வருமானம். நம் கடற்கரையில் இருக்கும் அறிவு அளவுக்கு நம்மிடம் சான்றிதழ் இல்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. படிப்புக் கட்டணத்தை நான் குறைக்க முடியாது. நோட்டு எழுதுவதற்குக் கட்டணம் கிடையாது என்று மட்டும் போகிற இடத்திலெல்லாம் சொல்கிறேன். கடலுக்குப் போகிற பிள்ளைகள், துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர்கள், யாருடைய படகிலாவது கயிறு பிடிக்கிறவர்கள் முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். தேதி, இடம், காற்று, மணி நேரம், கூட இருந்தவர் கையெழுத்து. பின்னால் பணம் கிடைக்கும்போது படிப்பு அதன் மேல் வந்து உட்காரும். பத்து வருஷம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதினால் காற்று எல்லா நாளும் பதினைந்து நாட்டாகத்தான் வரும்.

சென்னையில் பாய்ப்படகு கற்றுக்கொள்ள முடியும். துறைமுகத்துக்குள் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன் சென்னைக்காரர். அங்கே பழகும் சின்னப் படகில் நங்கூரம், எஞ்சின், ராத்திரி ஓட்டம் ஒன்றும் வராது. அவற்றைத் தனியாகப் படிக்க வேண்டும். ஆனால் காற்றைக் கன்னத்தால் படிப்பதை அதைப் போல் வேறு எதுவும் கற்றுக்கொடுக்காது. பெரிய படகில் மட்டும் கற்றவர்களிடம் அந்தக் கூர்மை குறைவு என்பது என் அனுபவம்.

என் அக்கா மகள் சென்னையில் பொறியியல் படிக்கிறாள். 2025 மே மாதம் ஐ.என்.எஸ்.வி. தாரிணி என்ற பாய்ப்படகு கோவாவுக்குத் திரும்பிய செய்தியைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். கடற்படையைச் சேர்ந்த ரூபாவும் தில்னாவும் இரண்டே பேராக எட்டு மாதத்தில் உலகைச் சுற்றி வந்திருந்தார்கள். ரூபா புதுச்சேரிக்காரர் என்பதில் அவளுக்கு ஒரே சந்தோஷம். “பாண்டிச்சேரி நமக்கு எவ்ளோ கிட்ட மாமா!” என்றாள். அந்தப் பயணத்துக்கு முன் இருவரும் மூன்று வருஷம் பயிற்சி எடுத்ததையும், இரண்டு பேராகவே மொரீஷியஸ் வரை போய் வந்ததையும் சொன்னேன். நீல அட்டை நோட்டு ஒன்று வாங்கி அனுப்பினேன்.

இந்தத் தடவை நான் வந்தபோது சனிக்கிழமை ராத்திரி ஊருக்கு வந்திருந்தாள். திண்ணையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து காட்டினாள். முதல் பக்கத்தில் தேதி. சென்னைத் துறைமுகம். ஒற்றை ஆள் படகு. கொண்டல் காற்று, பத்து நாட் இருக்கும். இரண்டு மணி நேரம். “இரண்டு தடவை கவிழ்ந்தேன். முதல் தடவை சார் வந்து நிமிர்த்தினார். இரண்டாவது தடவை நானே.” கடைசிக் கட்டம் காலியாக இருந்தது.

“மாமா, இதுல நீங்க கையெழுத்துப் போடுங்க” என்று பேனாவை நீட்டினாள்.

“அந்தப் படகுல நான் இல்லையேம்மா.”

“நீங்கதானே நோட்டு வாங்கிக் குடுத்தீங்க?”

“உன்னை நிமிர்த்திவிட்டவர்கிட்ட வாங்கு.”

பேனாவை மூடினாள். ஞாயிற்றுக்கிழமை விடியலில், நோட்டைப் பாலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.